சூட்டால் உடைந்ததா? உடைந்ததால் சூடா?

நெய்வேலிக்கு வருபவர்களின் கண்ணில் முதலில் படுபவை வானளாவி நிற்கும் புகைபோக்கிகள்தாம். 1962-இல் சோவியத் நாட்டின் உதவியுடன் இங்கே முதல் மின்னாக்கி ஓடத் தொடங்கியது. அன்று முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து, அந்த வெப்பத்தால் நீரை ஆவியாக்கி, ஆவியால் சுழலிகளைச் சுழற்றி மின்சாரம் எடுத்து வருகிறார்கள். எரிந்து முடிந்த வாயுக்கள் புகைபோக்கி வழியே வெளியேறுகின்றன.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்கூட ஒரு புகைபோக்கி உண்டு. அது நிமிர்ந்து நிற்காமல் படுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. எஞ்சினை ஒட்டிய மேனிபோல்டு, அதிலிருந்து செல்லும் குழாய், நடுவில் ஒலியைத் தணிக்கும் பெட்டி, கடைசியில் வால்குழாய் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டறையில் 'சைலன்சர்' என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறார்கள்.

இந்தச் சைலன்சர் சில வேளைகளில் பழுக்கக் காய்ந்து சிவக்கிறது. சில வேளைகளில் விரிசல் விட்டு உடைகிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் விரிசலுக்கு ஒரு வெல்டிங் வைத்து அனுப்பிவிடுவார்கள். சில மாதங்களில் அதே இடத்திலோ, சற்றுத் தள்ளியோ மீண்டும் உடையும். ஏன்? சூட்டால் குழாய் உடைந்ததா, உடைந்ததால் சூடு ஏறியதா என்ற கேள்வியை யாரும் கேட்காததே காரணம். அந்தக் கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்போம். இக்கட்டுரையில் வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் அளவில் தரப்பட்டவை.

வெப்பத்தின் வரவு செலவு

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் எரியும்போது 100 பங்கு வெப்பம் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 25 முதல் 30 பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய 30 பங்கு எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்கும் காற்றுக்கும் போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியேறுகிறது. அதாவது, நாம் 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் முப்பது ரூபாய்க்கு மேல் புகையோடு போய்விடுகிறது!

எஞ்சினுக்குள் தீப்பற்றும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரியையும் தாண்டும். அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும்போது தன் வெப்பத்தில் ஒரு பகுதியை வேலையாகக் கொடுத்துவிட்டுக் குளிர்கிறது. வால்வு திறந்து மேனிபோல்டுக்குள் நுழையும்போது, எஞ்சின் சும்மா ஓடினால் அதன் வெப்பநிலை 300 முதல் 500 டிகிரி வரை இருக்கும். முழுவேகத்தில் 700 முதல் 900 டிகிரி வரை ஏறும். டீசல் எஞ்சினில் இது சற்றுக் குறைவு.

அனல்மின் நிலையத்திலும் இதே கணக்குத்தான். கொதிகலனின் உலைக்குள் 1000 டிகிரிக்கு மேல் இருக்கும் வாயு, நீராவிக் குழாய்களையும், உள்ளே வரும் நீரையும், எரிவதற்கான காற்றையும் வரிசையாகச் சூடேற்றிவிட்டு, ஏறக்குறைய 150 டிகிரியில் புகைபோக்கிக்குப் போகிறது. அந்த வெப்பநிலையைப் பொறியாளர்கள் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கிறார்கள். அது சுமார் 20 டிகிரி கூடினால் கொதிகலனின் திறன் ஏறக்குறைய 1 விழுக்காடு குறையும் என்பது அவர்களது கைக்கணக்கு. வெளியே போகும் புகை சூடாக இருந்தால், உள்ளே வேலை சரியாக நடக்கவில்லை என்று பொருள். சைலன்சருக்கும் இது பொருந்தும்.

கத்திரி வெயிலா காரணம்?

'கத்திரி வெயிலில் வண்டியை ஓட்டினேன், அதுதான் சைலன்சர் சிவந்துவிட்டது' என்று சொல்பவர்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் குளிர்காலத்துக்கும் கத்திரிக்கும் உள்ள வேறுபாடு பத்துப் பதினைந்து டிகிரி. 700 டிகிரியில் இருக்கும் குழாய்க்கு அது எம்மாத்திரம்? உண்மையான காரணங்கள் எஞ்சினுக்குள்தான் இருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, தீப்பொறி தாமதமாக விழுவது. பிஸ்டன் மேலே வந்து திரும்புவதற்குச் சற்று முன்பே ஸ்பார்க் பிளக்கில் பொறி விழ வேண்டும். தாமதமானால், வாயு எரிந்து முடிவதற்குள் வால்வு திறந்துவிடுகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் குழாயைச் சூடாக்குகிறது. வண்டியில் இழுவை குறையும்; மேனிபோல்டு சிவக்கும்.

இரண்டாவது, எரியாத பெட்ரோல் வெளியேறுவது. ஒரு பிளக்கில் பொறியே விழவில்லை என்றால் அந்த சிலிண்டரின் பெட்ரோலும் காற்றும் அப்படியே குழாய்க்குள் போய், அங்கே எரிகின்றன. சைலன்சருக்குள் 'டப், டப்' என்று வெடிச்சத்தம் கேட்டால் உள்ளே ஓர் இரண்டாவது உலை எரிகிறது என்று அறியலாம்.

மூன்றாவது, வழி அடைபடுவது. புகை போக இடமில்லாவிட்டால் சூடான வாயு எஞ்சினுக்கு அருகிலேயே தங்கும். அதைத் தள்ளுவதற்கு எஞ்சின் கூடுதலாக உழைக்கும், கூடுதலாக எரிபொருள் எரியும், சூடும் கூடும்.

சைலன்சருக்குள் ஓர் இரசாயனச் சாலை

1995 ஏப்ரல் முதல், சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி என்னும் கருவி கட்டாயமாயிற்று. பின்னர் அது நாடெங்கும் பரவியது. இன்று மோட்டார் சைக்கிள்களிலும் இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டிதான் அது. சில வண்டிகளில் பீங்கானுக்குப் பதில் உலோகத் தகடு இருக்கும். அதன் நுண்ணிய அறைகளின் சுவர்மீது பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டுள்ளன. நச்சு வாயுக்கள் அவற்றின் மீது படும்போது தீங்கு குறைந்த வாயுக்களாக மாறுகின்றன.

இந்த மாற்றி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய 300 டிகிரி சூடு வேண்டும். ஆனால் 1000 டிகிரியை எட்டினால் பூச்சு பாழாகத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். எரியாத பெட்ரோல் இங்கே வந்து சேர்ந்தால் மாற்றி அதை எரித்துத் தீர்க்கப் பார்க்கிறது. தானே தன்னைச் சுட்டுக்கொள்கிறது.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. இன்றைய கார்களில் மாற்றிக்கு முன்னால் ஆக்சிஜன் உணரி ஒன்று இருக்கிறது. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அளந்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அது தெரிவிக்கிறது. மேனிபோல்டில் விரிசல் இருந்தால் என்ன ஆகும்? எஞ்சின் புகையைத் தொடர்ச்சியாகத் தள்ளுவதில்லை. விட்டு விட்டுத் தள்ளுகிறது. இரண்டு தள்ளல்களுக்கு இடையே அழுத்தம் குறையும்போது, வெளிக்காற்று விரிசல் வழியே உள்ளே புகுகிறது. உணரி அந்த ஆக்சிஜனைக் கண்டு 'பெட்ரோல் போதவில்லை' என்று தவறாகச் சொல்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது. எரியாத பெட்ரோல் மாற்றியை அடைகிறது, மாற்றி கொதிக்கிறது, குழாய் மேலும் சூடாகி விரிசல் பெரிதாகிறது!

ஆகவே, சூட்டாலும் உடைகிறது, உடைந்ததாலும் சூடேறுகிறது. ஒன்றையொன்று தூண்டும் வட்டம் இது. ஓரிடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் வட்டம் அறுபடாது.

நீள்வதற்கு இடம் வேண்டும்

சூடான உலோகம் விரியும் என்பது பள்ளிப் பாடம். ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகுக் குழாய் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். துருப்பிடிக்காத எஃகின் சில வகைகள் 9 மில்லிமீட்டர் வரை நீளும். வண்டியை நிறுத்தியதும் அது மீண்டும் சுருங்கும். தினமும் நான்கு முறை வண்டியை எடுத்தால் நான்கு முறை நீண்டு சுருங்க வேண்டும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவதுபோல், உலோகம் களைத்து விரிசல் விடுகிறது.

அதனால்தான் சைலன்சரை அடிச்சட்டத்தோடு இறுக்கிக் கட்டாமல் ரப்பர் வளையங்களில் தொங்கவிடுகிறார்கள். நடுவில் மடிப்பு மடிப்பான வளையும் குழாய் ஒன்றையும் வைக்கிறார்கள். வளையும் குழாய் கிழிந்துவிட்டது என்று அந்த இடத்தில் நேர்க்குழாயை வைத்துப் பற்றவைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நீள்வதற்கு இடமில்லாமல் வேறோர் இடம் உடையும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் இருக்கை தளர்ந்திருந்தாலும் அதன் குலுக்கல் முழுவதையும் குழாய்தான் தாங்க வேண்டியிருக்கும்.

சூடு மிகுந்தால்தான் கேடு என்று எண்ணிவிடாதீர்கள். சூடு போதாவிட்டாலும் கேடுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நெய்வேலி நகரியத்தில் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குக் கடைக்குப் போய்த் திரும்பும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறுவதே இல்லை. ஆவி உள்ளேயே நீராகித் தேங்குகிறது, சிறிதளவு அமிலமும் சேர்கிறது, உட்புறம் துருப்பிடிக்கிறது. அனல்மின் நிலையத்திலும் புகையை 150 டிகிரிக்கு வெகுவாகக் கீழே குளிரவிடாததற்கு இதுவே காரணம்: கந்தகத்திலிருந்து வரும் அமிலம் இரும்பை அரித்துவிடும்.

பந்தயக் கார் தரும் பாடம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை அமைந்தது. இத்தகைய பாதைகளில் ஓடும் கார்களின் மேனிபோல்டு சிவப்பது வியப்பில்லை. அவற்றின் எஞ்சின்கள் நெடுநேரம் முழு ஆற்றலில் உழைக்கின்றன. புகையின் வேகத்தால் சுழன்று காற்றைத் திணிக்கும் டர்போ பொருத்தப்பட்டிருந்தால் சூடு ஓரிடத்திலேயே குவிகிறது. எடையைக் குறைக்க மெல்லிய குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றை நிக்கல் கலந்த உயர்ந்த உலோகங்களால் செய்து, சுற்றிலும் வெப்பத்தடுப்புத் தகடுகளை அமைக்கிறார்கள்.

சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதே தொல்லை உண்டு. எஞ்சின் அறை நெருக்கமானது. தரைக்கும் குழாய்க்கும் இடைவெளி குறைவு. வேகத்தடையில் ஒருமுறை இடித்தாலே இணைப்பு விரிசல் விடும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். முழு ஆற்றலில் ஓடியபின் சிவந்திருப்பது இயல்பாக இருக்கலாம். நகருக்குள் மெதுவாக ஓட்டி வந்த வண்டி சிவந்திருந்தால் அது நோய்.

நிறத்தைக் கொண்டே சூட்டை மதிப்பிடலாம். இருட்டில் மங்கலான சிவப்பு தெரிந்தால் சுமார் 500 முதல் 550 டிகிரி. நன்கு பழுத்த சிவப்பு என்றால் 700-க்கு மேல். ஆரஞ்சு நிறம் என்றால் 900. பகல் வெளிச்சத்தில் மங்கலான சிவப்பு கண்ணுக்குத் தெரியாது; இரவில்தான் பார்க்க வேண்டும்.

தீயும் நஞ்சும்

உடைந்த சைலன்சர் சத்தம் போடுவதோடு நின்றால் பரவாயில்லை. அது இரண்டு வகையில் உயிருக்கு உலை வைக்கும்.

ஒன்று, தீ. பழுப்பு நிலக்கரி எளிதில் தீப்பற்றும். அதன் தூசி சூடான பரப்பின்மீது படிந்து கிடந்தால் 200 முதல் 250 டிகிரியிலேயே கனன்று எரியத் தொடங்கிவிடும். நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் வெட்டும் பெரிய வாளிச்சக்கர எந்திரங்கள் மின்சாரத்தால் ஓடுகின்றன. அவற்றுக்குச் சைலன்சர் இல்லை. ஆனால் புல்டோசர், லாரி, ஜீப் போன்றவை டீசலில் ஓடுபவை. அவற்றின் புகைக்குழாய்மேல் தூசி சேரவிடாமல் துடைப்பதும், வெப்பத்தடுப்புத் தகடு கழன்றால் உடனே மாட்டுவதும் வெறும் துப்புரவு வேலைகள் அல்ல, தீத்தடுப்பு வேலைகள்.

சுரங்கத்துக்கு வெளியேயும் ஆபத்து உண்டு. நம் ஊர்ப்புறங்களில் உளுந்து, கம்பு, எள் முதலிய அறுவடைகளைத் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிகளை அதன்மேல் ஏறவிட்டுத் தானியம் பிரிக்கும் வழக்கம் உண்டு. உலர்ந்த செடிகள் காரின் அடியில் சுற்றிக்கொண்டு குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கும். காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினாலும் அப்படியே.

மற்றொன்று, நஞ்சு. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. காற்றில் 1000-க்கு ஒன்றிரண்டு பங்கு கலந்தாலே சில மணி நேரத்தில் உயிர் போகலாம். காருக்கு அடியில் உடைந்த குழாயிலிருந்து கசியும் புகை, தரையிலுள்ள துளைகள் வழியே உள்ளே நுழையும். கண்ணாடிகளை மூடி, ஏர்கண்டிஷனரை ஓடவிட்டு, நின்ற வண்டியில் தூங்குபவர்கள் விழிக்காமலே போவது இதனால்தான். வண்டிக்குள் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத தூக்கம் ஆகியவை வந்தால் 'பயணக் களைப்பு' என்று விட்டுவிடாதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி எல்லோரும் வெளியே வாருங்கள். மயக்கம் தெளியாதவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

வழியில் குழாய் சிவந்திருப்பதைக் கண்டால் புல், வைக்கோல், நிலக்கரித் தூசி இல்லாத வெற்றுத் தரையில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு மேனிபோல்டும் பீங்கான் கட்டியும் சட்டென்று குளிர்ந்தால் வெடித்துவிடும். குழாய் தானே ஆற ஒரு மணி நேரம்கூட ஆகலாம். நன்றாக ஆறிய பின், தொங்கும் குழாயை இரும்புக் கம்பியால் கட்டுங்கள். கயிறும் பிளாஸ்டிக்கும் கருகிவிடும். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, அருகிலுள்ள பட்டறைவரை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, குழாய்க்கு அருகில் பெட்ரோல் குழலோ மின்கம்பியோ உருகியிருந்தாலோ ஓட்டவே வேண்டாம், இழுத்துச் செல்லுங்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. இணைப்புகளைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் ஓடவிட்டு, வால்குழாயின் வாயைத் தடித்த துணியால் சில விநாடிகள் மூடச் சொல்லுங்கள். விரிசல் உள்ள இடத்தில் 'உஸ்' என்ற ஓசை கேட்கும். மாறாக, எஞ்சினை முடுக்கியும் வால்குழாயில் புகை வலுவின்றி வந்தால் உள்ளே அடைப்பு இருக்கலாம்.

பட்டறையில் மெக்கானிக்கிடம் இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் பிளக்குகளும் தீப்பொறி விழும் நேரமும் சரியா? பெட்ரோல் கலவை சரியா? வினையூக்கி மாற்றி அடைத்திருக்கிறதா? தொங்கு ரப்பர்களும் எஞ்சின் இருக்கைகளும் உறுதியா? இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பிறகே வெல்டிங். புதிய கார்களில் வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மின்னணுப் பெட்டி பழுதாகலாம். துத்தநாகம் பூசிய தகட்டை வைத்து ஒட்டவேண்டாம். வெல்டிங் சூட்டில் எழும் துத்தநாகப் புகையை முகர்பவருக்குக் காய்ச்சல் வரும். மாற்றியை அறுத்தெடுத்துவிட்டு வெறுங்குழாயை வைப்பதும் தீர்வாகாது. அப்போது நச்சு முழுவதும் தெருவுக்கு வருகிறது. நோய் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

கொதிகலனைத் திறந்து பார்க்காமலே, வெளியேறும் புகையின் வெப்பநிலையை வைத்து உள்ளே நடப்பதை அறிகிறார் மின்நிலையப் பொறியாளர். உங்கள் வண்டிக்கும் அப்படி ஒரு சாளரம் இருக்கிறது. சைலன்சரின் நிறமும் ஓசையும் எஞ்சின் உங்களுக்கு எழுதும் கடிதம். ஒட்டுப்போட்டு அதன் வாயை அடைப்பதற்கு முன், அது சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.